பதினேழாம் எண் கல்

கல்லு வாத்தியார் வீட்டுக்குள் மட்டும் ஆண்டுக்கு நாலு அங்குலம் வண்டல் படிகிறது. சுவரோடு சுவர் ஒட்டிய பக்கத்து வீட்டில் ஒரு சிட்டிகைகூடக் கிடையாது. காற்றில் வந்து சேரும் தூசி என்று முதலில் சொன்னவர்கள், ஜன்னல்களைச் சாத்தி இடுக்கெல்லாம் துணி அடைத்த அறையிலும் அதே கணக்கில் படிந்ததைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள். கூரை உதிர்கிறது என்றார்கள். கொத்தனார் வந்து தட்டிப் பார்த்து, கூரை கல்லுக்குண்டாட்டம் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். ஆறு கடலில் சேரும் இடத்தில், ஓட்டம் ஓய்ந்த தண்ணீரிலிருந்து மண் மெள்ள இறங்குமே, அந்த மாதிரி இறங்குகிறது. தண்ணீர்தான் இல்லை. நம்பாதவர்கள் ஒரு அளவுகோலை எடுத்துக்கொண்டு போகலாம். வீட்டம்மா யாரையும் தடுப்பதில்லை, டீயும் போட்டுக் கொடுப்பார்.

வாத்தியார் மேல்நிலைப் பள்ளியில் நிலவியல் எடுத்தவர். பாறையில் மூன்று வகை, பாறையைக் கட்டியிருப்பவை கனிமங்கள், செத்த உயிர்களில் சில பாறைக்குள் அச்சாகக் கிடக்கின்றன என்ற மூன்றே மூன்று சங்கதிகளை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் முப்பத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்த முடியும் என்பதை எங்கள் தெரு அவரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டது. ஆய்வகத்தில் அவர் சேர்த்த மரப்பெட்டி ஒன்று இருந்தது. நாற்பது அறைகள், அறைக்கொரு கல், கல்லின் அடியில் வெள்ளைப் பெயின்டில் ஒரு எண். எந்த எண்ணுக்கு எந்தப் பெயர் என்பது அவருடைய நோட்டில் மட்டும் இருந்தது. மாணவர்கள் கல்லை முதலில் நகத்தால் கீற வேண்டும், பிறகு செம்புக் காசால், பிறகு கத்தியால். வெள்ளைப் பீங்கான் துண்டில் தேய்த்துப் பொடியின் நிறம் பார்க்க வேண்டும். கடைசியாக, தண்ணீர் கலந்த ஆசிட் ஒரு சொட்டு. “கல்லு பொய் சொல்லாது, நாமதான் ஒழுங்காக் கேக்கணும்” என்று வருஷத்துக்கு நூறு தடவையாவது சொல்வார். அவரிடம் படித்தவர்களில் அதை மெய்யாகவே எடுத்துக்கொண்டவள் ஒருத்திதான். எந்தக் கல்லைக் கொடுத்தாலும் முதல் வேலையாக நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பாள். அதனால் வகுப்பு அவளுக்கு உப்புக்கல் என்று பெயர் வைத்திருந்தது. “பாஷாணத்தைக் கொடுத்தாலும் இப்படித்தான் நக்கிப் பாப்பியா?” என்று வாத்தியார் திட்டுவார். “பாஷாணத்துக்குப் பூண்டு வாசனை வரும்னு நீங்கதானே சார் சொன்னீங்க, மோந்துட்டுத்தான் வைப்பேன்” என்பாள். அவருக்கு அவளைப் பிடிக்கும். அதைச் சொல்லாமல் விட்டால் மற்றது எதுவும் புரியாது.

செய்முறைத் தேர்வில் ஆறு கற்கள், கல்லுக்கு ஐந்து மதிப்பெண். நில ஆய்வுக் கல்லூரி பள்ளிக்கு ஓர் இலவச இடம் வைத்திருந்தது. முப்பதுக்கு இருபத்தெட்டுக்குக் குறையாமல் வாங்கியவருக்கு அது. உப்புக்கல்லின் பங்குக்கு வந்த ஆறில் ஒன்று பதினேழாம் எண். நோட்டில் பதினேழுக்கு நேரே சுண்ணாம்புக்கல் என்று இருந்தது. பதினொரு வருஷமாக எல்லா மாணவர்களும் அப்படித்தான் எழுதி வந்தார்கள். பதினேழு என்றால் கண்ணை மூடிக்கொண்டு சுண்ணாம்பு என்று எழுது என அண்ணன் தம்பிக்கும் அக்கா தங்கைக்கும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். யாரும் அதன்மேல் ஆசிட்டை வீணாக்கியதில்லை. இவள் வீணாக்கினாள். விடைத்தாளில், சொட்டு விட்டேன், பொங்கவில்லை. கத்தியால் சுரண்டிப் பொடியில் விட்டேன், மெதுவாகக் குமிழ் வந்தது. செம்புக் காசும் கீறவில்லை. ஆகவே டோலமைட் என்று எழுதிவைத்தாள். சுண்ணாம்புக்கல்லும் டோலமைட்டும் பெரியப்பா மகளும் சித்தப்பா மகளும் மாதிரி, முகஜாடை ஒன்றுதான். ஆசிட் பட்டதும் ஒருத்தி சீறுவாள், இன்னொருத்தியைப் பொடித்துக் கேட்டால்தான் முனகுவாள். வாத்தியார் கல்லைப் பார்க்கவில்லை, நோட்டைப் பார்த்தார். சுழியம் போட்டார். அவளுக்கு இருபத்தைந்து வந்தது.

அன்று சாயங்காலம் எல்லோரும் போன பிறகு அவர் கற்களைக் கழுவிப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். பதினேழு கைக்கு வந்தபோது, எதற்கென்று அவருக்கே தெரியாமல், ஒரு சொட்டு ஆசிட் விட்டார். கல் கம்மென்று இருந்தது. ஆசிட் பழசாகியிருக்கும் என்று பதினாறாம் எண் பளிங்கில் விட்டார். அது நுரைத்துத் தள்ளியது. பதினேழைச் சுரண்டிப் பொடியில் விட்டார். முனகியது. மதிப்பெண் உறை மேசைமேல்தான் இருந்தது, பசைகூடக் காயவில்லை. பிரிக்கலாம். பிரித்தால் தேர்வு அலுவலகத்துக்கு விளக்கக் கடிதம் எழுத வேண்டும், தானே பொறுக்கித் தானே பெயர் வைத்த கல்லைப் பதினொரு வருஷம் தானே பார்க்கவில்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டும், அடுத்த மாதம் வருவதாக இருந்த துறைத்தலைவர் பதவி வராது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று கல்லை அதன் அறையில் வைத்து மூடினார். மறுநாள் காலை பியூன் உறையை எடுத்துக்கொண்டு போனார். வாத்தியார் வாசற்படியிலேயே நின்று அவர் சைக்கிள் திருப்பத்தில் மறையும்வரை பார்த்தார், கூப்பிடவில்லை. மதியம் வீட்டுக்கு வந்தபோது மனைவி துடைப்பமும் கையுமாக நின்றார். “என்னங்க இது, வீடெல்லாம் மாவு கொட்டினாப்ல வெள்ளையா இருக்கு?” என்றார். வாத்தியார் குனிந்து தொட்டுப் பார்த்துவிட்டுக் கை கழுவப் போனார்.

முதல் வருஷம் முழுக்க அந்த அம்மா கூட்டித் தள்ளினார். மருந்துக் கடையில் வேலை பார்ப்பவர், சுத்தம் என்றால் அப்படி ஒரு சுத்தம். ஆனால் வெளியே கொட்டிய மண் மறுநாள் விடியும்போது உள்ளே அதே இடத்தில், அதே வரிசையில், அடியில் இருந்தது அடியிலும் மேலே இருந்தது மேலேயுமாகப் படுத்திருக்கும். ஆள் வைத்து அள்ளினார்கள், லாரி வைத்து ஊருக்கு வெளியே கொட்டினார்கள். லாரிக்காரர் திரும்பி வருவதற்குள் மண் திரும்பி வந்துவிட்டது. ஆறு மாதத்துக்கென்று வேறு தெருவில் வாடகைக்குப் போனார்கள். அங்கே இரண்டாம் நாளே படிய ஆரம்பித்தது, வீட்டுச் சொந்தக்காரர் முன்பணத்தைக் கையில் திணித்து அனுப்பினார். அதற்குப் பிறகு வீட்டம்மா துடைப்பத்தை ஆணியில் மாட்டிவிட்டு, கட்டிலையும் அலமாரியையும் வருஷத்துக்கு ஒருமுறை தூக்கி மேலே வைக்கும் வழக்கத்துக்கு வந்தார். வாசல் பாதி மூடியபோது ஜன்னல் வழியாக ஏறி இறங்கினார்கள். ஜன்னலும் மூடியபோது அதற்கு மேல் சுவரை உடைத்து வழி செய்தார்கள். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்று அந்த அம்மா சிரித்துக்கொண்டே சொல்வார். வாத்தியார் சிரிக்க மாட்டார்.

உப்புக்கல் கல்லூரிக்குப் போகவில்லை. அவளுடைய சித்தப்பாவிடம் ஆழ்குழாய்க் கிணறு துளைக்கும் போர் வண்டி இருந்தது. பூமியைத் துளைக்கும்போது புகையோடு பறந்து வரும் துகளைப் பார்த்து, கீழே என்ன பாறை, தண்ணீர் இருக்குமா என்று சொல்ல ஆள் வேண்டியிருந்தது. அவள் போய் நின்றாள். வாத்தியார் இதை விசாரித்துத் தெரிந்துகொண்டார். விசாரித்தது மட்டும்தான். ஒருமுறை டீக்கடையில் அவர் உட்கார்ந்திருந்தபோது போர் வண்டி வந்து நின்றது, தலை முதல் கால் வரை சாம்பல் பூசினாற்போல அவள் இறங்கினாள். அவர் பேப்பரை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள், இவர் வண்டி கிளம்பும்வரை பக்கத்தைத் திருப்பவில்லை. அந்த வாரம் வீட்டுக்குள் வண்டலுக்குப் பதில் நெல்லிக்காய் பருமன் கூழாங்கல் விழுந்தது. வீட்டம்மாவின் நெற்றியில் ஒன்று பட்டு வீங்கியது. அவர் வீக்கத்துக்கு மருந்து தடவிக்கொண்டே கணவரைப் பார்த்தார்.

மகள் கல்யாணத்து வருஷம் மட்டும் பால்பவுடர் மாதிரி மெல்லிய களிமண் விழுந்தது; வந்துபோன அறுபது பேரின் செருப்புத் தடமும் அதில் பதிந்து, அடுத்த வருஷப் படிவு மூட, அப்படியே இறுகிப்போனது. பத்தாம் வருஷத்தில் சிப்பிகள் வந்தன. கடல் எங்கள் ஊரிலிருந்து எவ்வளவோ தூரம். சிப்பிகளோடு ஆட்டுக் கொம்புபோலச் சுருண்ட நத்தை ஓடுகளும், எந்தக் கடலிலும் இன்று இல்லாத, முதுகில் வரிவரியாக மடிப்பு விழுந்த பூச்சிகளும் கிடைத்தன. பள்ளிக்கூடம் இதைக் கேள்விப்பட்டு ஆண்டுதோறும் மாணவர்களைக் கூட்டிவந்தது. கூடத்தின் ஓரத்தில் சிறிய பள்ளம் வெட்டி, அடுக்குகளைக் காட்டி, கீழே இருப்பது மூத்தது மேலே இருப்பது இளையது என்று வாத்தியாரே பாடம் எடுத்தார். பள்ளத்தை முழங்கால் ஆழத்துக்குமேல் வெட்ட விடவில்லை. அதே மாணவர்கள் பள்ளியில் பதினேழாம் எண்ணுக்குச் சுண்ணாம்புக்கல் என்று எழுதினார்கள், அவரும் ஐந்துக்கு ஐந்து போட்டார். பெயரை மாற்றினால் ஏன் மாற்றினீர்கள் என்று யாராவது கேட்பார்கள். அதற்கு அவரிடம் ஒரே பதில்தான் இருந்தது. பதின்மூன்று வருஷம், வருஷத்துக்கு முப்பது முப்பத்தைந்து பேர், தெரிந்தே தப்பைச் சரி என்று திருத்தினார். ஓய்வு பெற்ற அன்று பெட்டியையும் நோட்டையும் அடுத்து வந்தவரிடம் ஒப்படைத்துவிட்டு, மாலையைக் கழற்றிப் பள்ளியிலேயே வைத்துவிட்டு நடந்தே வந்தார்.

பத்தொன்பதாம் வருஷம் படிவு ஆறடி நாலு அங்குலத்துக்கு வந்தது. கூரைக்கும் தரைக்கும் நடுவே நாலடி எட்டு அங்குலம் மீதி. இருவரும் கூனிக்கொண்டே நடந்தார்கள். வீட்டம்மாவுக்கு இடுப்பு போயிற்று. இன்னும் பதினாலு வருஷத்தில் வீடு நிறைந்துவிடும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு. சுவரை எழுப்பிக் கூரையை ஆறடி தூக்குவது என்று அந்த அம்மா முடிவு செய்தார். புதுச் சுவர் படிவின் மேல்தான் நிற்க வேண்டும், அதனால் அது பாரம் தாங்குமா என்று அடிவரை துளைத்துப் பரிசோதித்த அறிக்கை இல்லாமல் அனுமதி தர முடியாது என்று நகர அலுவலகம் எழுதியது. அடிவரை என்ற சொல்லைப் படித்ததும் வாத்தியார், கூரை இப்படியே இருக்கட்டும் என்றார். “உங்களுக்கு என்ன, நீங்க குனிஞ்சே பழகிட்டீங்க, எனக்கு நிமிரணும்” என்றார் மனைவி.

மண் பரிசோதனைக் குழு மூன்று பேராக வந்தது. கூரையில் ஒரு துளை போட்டு, மூன்று கால் இரும்புச் சட்டம் நிறுத்தி, குழாயைத் திருகி இறக்கினார்கள். குழுவின் தலைவி முப்பத்தாறு வயதுப் பெண். ஜன்னலுக்கு மேலே உடைத்த வழியில் குனிந்து உள்ளே வந்தவள், மூலையில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து, “வணக்கம் சார், என்னை ஞாபகம் இருக்கா? உப்புக்கல்லு” என்றாள். ஓடலாம் என்றால் கூரை இடிக்கும். வாத்தியார் தலையை ஆட்டினார். சித்தப்பா வண்டியை விற்ற பிறகு அவள் இந்த வேலைக்கு வந்திருந்தாள். பதினைந்து வருஷ கம்ப்ரஸர் சத்தத்தில் வலது காது போயிருந்தது. ஒரு முழத்துக்கு ஒருமுறை குழாயை எடுத்து, உள்ளே உருளையாக வந்த மண்ணை அறை அறையாகத் தடுத்த மரப்பெட்டியில் வரிசையாகப் படுக்க வைத்தாள். ஒவ்வொன்றையும் பார்த்தாள், எழுதினாள், எழுதியதை மூடிவைத்துவிட்டு முதலிலிருந்து இன்னொரு தடவை பார்த்தாள். உதவியாளர்கள் தங்களுக்குள் சிரித்துக்கொண்டார்கள். அக்காவுக்கு எதுவும் ரெண்டு தடவைதான் என்றார்கள். ஆறாம் வருஷ அடுக்கை உடைத்தபோது உள்ளிருந்து ஒரு தேரை உயிரோடு குதித்து, வீட்டம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்து கண் சிமிட்டியது. கல்லுக்குள் தேரைக்கும் யாரோ படியளந்திருக்கிறார்கள் பார் என்று அவர் அதை ஒரு மக்கில் போட்டு மூடினார்.

கடைசி உருளை சாயங்காலம் நாலு மணிக்கு வந்தது. அதன் அடியில், வீட்டின் பழைய தரைக்கு நேர் மேலே, விரல் பருமனில் வெள்ளைப் பொடி இறுகியிருந்தது. அவள் ஒரு துணுக்கைக் கிள்ளி நாக்கு நுனியில் வைத்தாள். பையிலிருந்து ஆசிட் குப்பியை எடுத்து, கட்டியான இடத்தில் ஒரு சொட்டு விட்டாள். ஒன்றும் இல்லை. கத்தியால் சுரண்டிப் பொடியில் விட்டாள். மெதுவாக, ஒன்றிரண்டாக, குமிழ் வந்தது. அவள் அதை வெகுநேரம் பார்த்தாள். இரண்டாம் முறை செய்தாள். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து வாத்தியார் முன்னால் வைத்து, “சார், இது என்ன கல்லு?” என்றாள். வாத்தியார் ஏதோ முணுமுணுத்தார். அவர் உட்கார்ந்திருந்தது அவளுடைய வலது பக்கம். அவள் கழுத்தைத் திருப்பி இடது காதைக் காட்டினாள்.

“சத்தமாச் சொல்லுங்க சார். அந்தக் காது செத்துப்போச்சு.”

“டோலமைட்.”

“எத்தனாம் நம்பர்?”

“பதினேழு. நீ எழுதினதுதான் சரி. நோட்டுல இருந்தது தப்பு.”

“எப்பத் தெரியும்?”

வாத்தியார் மனைவியைப் பார்த்தார், உதவியாளர்களைப் பார்த்தார். எல்லோரும் குனிந்த தலையோடு கேட்டுக்கொண்டிருந்தார்கள். “அன்னைக்குச் சாயங்காலமே தெரியும். உறை மேசைமேலதான் இருந்தது. பிரிக்கல. பயந்துட்டேன். என் பேரு கெட்டுடும்னு உன்னை விட்டுட்டேன்” என்றார். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது, அறுபத்துநாலு வயது மனிதர் தேம்பினார்.

உப்புக்கல் அழவில்லை. “இடம் போனதுகூடப் பரவால்ல சார்” என்றாள். “என் கண்ணால பாத்தேன். குமிழ் வந்ததைப் பாத்தேன். அப்புறம் சுழியத்தைப் பாத்துட்டு, நான்தான் இல்லாததைப் பாத்திருக்கேன்னு நினைச்சுட்டேன். பத்தொம்பது வருஷமா எதையும் முதல் தடவை நம்பினதில்ல. ரெண்டு கம்பெனில பரீட்சை எழுதக் கூப்பிட்டாங்க, போகல. பதினேழுல தப்பு விட்டவதானேன்னு நானே என்னைச் சொல்லிக்குவேன்.” வாத்தியார் கையெடுத்துக் கும்பிட்டு, “மன்னிச்சிடும்மா” என்றார். அவள் மடித்து வைத்திருந்த படிவத்தைப் பிரித்து, மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “அதுக்கு இந்த ஃபாரத்துல இடம் இல்ல சார்” என்று பேனாவை மூடினாள். “ஏங்க, அப்போ நான் முதல் வருஷம் பூரா கூட்டினது இதைத்தானா?” என்று மட்டும் வீட்டம்மா கேட்டார். அன்றைக்கு அந்த வீட்டில் டீ போடவில்லை.

மறுநாள் வாத்தியார் பள்ளிக்குப் போனார். அடுத்து வந்தவரின் அனுமதியோடு, வகுப்பு முன்னால் நின்று, பதினேழாம் எண் கல்லைக் கையில் பிடித்து, நடந்தது முழுவதையும் சொன்னார். நோட்டில் பெயரை அடித்துத் திருத்தித் தேதி போட்டுக் கையெழுத்திட்டார். பின் பெஞ்சிலிருந்து, அப்போ எங்க அக்காவுக்கு நீங்க போட்ட அஞ்சு மார்க்கு என்ன ஆகும் சார் என்று ஒரு குரல் கேட்டது. அன்றிரவே தேர்வு அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார். எட்டு மாதம் கழித்துப் பதில் வந்தது: பத்து ஆண்டுக்கு மேற்பட்ட மதிப்பெண் பட்டியல்கள் அழிக்கப்பட்டுவிட்டன, ஆகவே திருத்துவதற்கு மதிப்பெண் எதுவும் இல்லை. அந்தக் கடிதத்தை அவர் உப்புக்கல்லின் அலுவலகத்துக்கே கொண்டுபோய்க் கொடுத்தார். அவள் படித்துவிட்டு, “தெரியும் சார்” என்று திருப்பிக் கொடுத்தாள். உட்காரச் சொல்லவில்லை. அவர் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்தார்.

பரிசோதனை அறிக்கை அதற்கு வெகு முன்பே, நாலாம் நாளே, வந்துவிட்டது. அவளிடமிருந்து வரும் அறிக்கைகள் எப்போதும் பத்து நாள் பிடிக்கும் என்று நகர அலுவலகத்து எழுத்தர் ஆச்சரியப்பட்டார். இந்த ஒன்றை அவள் ஒரே தடவையில் எழுதி அனுப்பியிருந்தாள். பத்தொன்பது அடுக்குகளும் ஆழம், நிறம், பருமன் வாரியாக இருந்தன. கூழாங்கல், செருப்புத் தடம், சிப்பி, தேரை ஒன்று, உயிருடன். கடைசி வரிசையில், ஆறடி நாலு அங்குலத்தில், டோலமைட் பொடி, ஆசிரியர் அறிந்தே மறைத்தது என்று எழுதியிருந்தாள். எழுத்தர் அதன்மேல் வழக்கம்போல முத்திரை குத்தினார். ஓரத்தில், இந்த அடித்தளம் பாரம் தாங்குமா என்ற கேள்விக்கு எதிரே ஒரே சொல் இருந்தது: தாங்கும்.

கூரை ஆறடி உயர்ந்தது. வண்டல் நிற்கவில்லை, நிற்கும் என்று எதிர்பார்த்தவர்கள் எங்கள் தெருவில் இருந்தார்கள், வாத்தியார் அவர்களில் ஒருவர் அல்ல. ஆண்டுக்கு அதே நாலு அங்குலம். இன்னும் முப்பத்திரண்டு வருஷத்துக்கு இடம் இருக்கிறது. வீட்டம்மா நிமிர்ந்து நடக்கிறார். தேரை குளியலறைப் பக்கம் குடியிருக்கிறது. கூடத்து ஓரத்துப் பள்ளத்தை வாத்தியார் தன் கையாலேயே பழைய தரைவரை வெட்டி முடித்து ஏணி போட்டு வைத்திருக்கிறார். மாணவர்கள் வந்தால் முதலில் அடிக்குத்தான் இறக்குகிறார்.